டைக்ளோஃபெனாக்கா, ப்ரீகாபலினா?

ஏற்காட்டில் காப்பி பறிக்கும் அக்காவுக்கு முழங்கால் வீங்கி வலிக்கிறது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை அண்ணனுக்குப் பல வருடச் சர்க்கரை. ராத்திரியானால் பாதம் எரிகிறது. இருவரும் மெடிக்கலில் கேட்பது அதே வலி மாத்திரை, டைக்ளோஃபெனாக்.

அக்காவுக்கு அது கேட்கும். வீங்கிய இடத்தில் உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வலி நரம்பைத் தூண்டிவிடுகிறது. அதை உருவாக்கும் காக்ஸ் நொதியை மாத்திரை தடுக்கிறது. அண்ணனுக்கோ சேதமானது நரம்பே. காயம் எதுவும் இல்லாமலே அது வலிச் செய்தி அனுப்புகிறது. அங்கே காக்ஸைத் தடுத்துப் பெரிய பயனில்லை. சர்க்கரையால் தளர்ந்திருக்கக்கூடிய சிறுநீரகத்துக்கு இந்த மாத்திரை கூடுதல் சுமை. இதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

நரம்பு வலிக்கான மாத்திரை ப்ரீகாபலின். அது நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாசலான கால்சியம் சேனலில் ஒட்டிக்கொண்டு, வலிச் செய்தி கடத்தும் வேதிப்பொருள் வெளியேறுவதைக் குறைக்கும். எல்லோருக்கும் பலிக்காது. தலைசுற்றல், தூக்கக் கலக்கம், கால் வீக்கம் வரலாம். 20 கொண்டை ஊசி வளைவுள்ள ஏற்காடு பாதையில் வண்டி ஓட்டுபவர்கள் தொடக்க நாட்களில் ஓட்ட வேண்டாம். திடீரென நிறுத்தவும் கூடாது.

அண்ணே, டைக்ளோஃபெனாக்கை விட்டுவிட்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து, டாக்டரிடம் ப்ரீகாபலின் பற்றிக் கேளுங்கள். அக்கா, உங்களுக்கு டைக்ளோஃபெனாக் சில நாட்கள் மட்டும், சாப்பிட்ட பிறகு. வயிற்றுப்புண் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.