பசி அடங்கியிருக்கும் மாதங்களில் எந்தப் பழக்கத்தைப் பிடிப்பது?

பசியை அடக்கும் எடைக் குறைப்பு மருந்துகள் வேலை செய்யுமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தாயிற்று. 2021இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில், வாரம் ஒருமுறை செமாக்ளூடைடு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. டிர்செபடைடு என்ற இன்னோர் ஊசி அதையும் தாண்டியது. ஆனால் ஸ்டெப் 1இன் தொடர்ச்சியைப் படித்தால் மனசு கனக்கும். ஊசியும், கூடவே தரப்பட்ட உணவு, உடற்பயிற்சி ஆலோசனையும் நின்ற ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது.

ஆக, மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே பழக்கங்களையும் உருவாக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. எப்போது, எதை, எப்படி என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

எடை இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் / முதல் வாரமே தொடங்கு

முதல் கட்சியின் பேச்சிலும் நியாயம் உண்டு. செமாக்ளூடைடை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றி, 16 வாரம் கழித்துத்தான் 2.4 மில்லிகிராமுக்கு வருவார்கள். அளவு ஏறும்போதெல்லாம் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், அசதி என்று ஏதாவது ஒன்று படுத்தலாம். முழங்கால் வலியோடு இருப்பவரிடம் நாளையே ஜிம்முக்குப் போ என்றால் பாதியில் விட்டுவிடுவார். கொஞ்சம் எடை இறங்கினால் மூட்டும் ஒத்துழைக்கும் என்பது அவர்கள் கணக்கு.

ஆனாலும் நான் இரண்டாவது கட்சிதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலியும் அவர் குழுவும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழக, நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறும் என்று கணித்தார்கள். 16 வாரம் என்றால் 112 நாள். பலருக்கு ஒரு பழக்கம் முழுதாக வேர் பிடிக்கப் போதுமான அந்தக் காலத்தைக் காத்திருந்தே கழிப்பானேன்?

டென்மார்க்கில் இதே வகையைச் சேர்ந்த லிராக்ளூடைடு மருந்தை வைத்து நடந்த ஆய்வும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. மருந்து, உடற்பயிற்சி இரண்டையும் ஓராண்டு சேர்த்துச் செய்தவர்களே அதிகப் பலன் கண்டார்கள். எல்லாவற்றையும் நிறுத்தி இன்னோர் ஆண்டு கழித்துப் பார்த்தபோதும், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட இவர்களுக்குத் திரும்பி ஏறிய எடை குறைவு.

ஒரே நிபந்தனை, சின்னதாகத் தொடங்க வேண்டும். பத்து நிமிட நடை போதும். குமட்டலால் ஒருநாள் விட்டுப்போனால் எல்லாம் பாழ் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் தவறுவது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் லாலியின் ஆய்விலேயே இருக்கிறது.

பசித்தால் சாப்பிடு / மணி பார்த்துச் சாப்பிடு

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். "உடம்பு சொல்வதைக் கேள், பசித்தால் மட்டும் சாப்பிடு" என்பது மற்றவர்களுக்கு நல்ல யோசனை. இந்த மருந்து எடுப்பவர்களுக்கு அது சறுக்கிவிடும், ஏனென்றால் உடம்பின் அந்தக் குரலைத்தான் மருந்து அடக்கி வைத்திருக்கிறது. நாள் முழுக்கத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு ஓய்ந்துவிடும். காலையில் ஒன்றும் வேண்டாம் போலிருக்கும். மதியம் வேலையில் மறந்துபோகும். சாயங்காலம் நாலு வாய் உள்ளே போனதும் வயிறு நிறைந்துவிடும். தாகம்கூடச் சிலருக்குக் குறைவதால் தண்ணீரும் உள்ளே போவதில்லை. தலைசுற்றல், மலச்சிக்கல், கையில் பலமின்மை என்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ சேர்த்து எடுப்பவர்கள் இப்படி வேளை தவறினால் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடலாம். மருந்தைத் தொடங்கும் அன்றே அவற்றின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

பசியைப் பிடித்துக்கொண்டு உருவான பழக்கம், பசி போனால் தானும் போய்விடும். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உருவானது நிற்கும். அளவு கொஞ்சமாக இருக்கட்டும், நேரம் மாறாமல் இருக்கட்டும். மருந்து நின்று பசி திரும்பும் நாளிலும் அதே நேரங்கள் கைகொடுக்கும்.

சிலர் ஊசி நாளைச் சுற்றி வாரத்தையே அமைத்துக்கொள்கிறார்கள். ஊசிக்கு அடுத்த ஓரிரு நாள் குமட்டல் வரும் என்று தெரிந்தவர்கள் அந்த நாட்களில் லேசான நடையோடு நிறுத்திக்கொண்டு, கடினமான பயிற்சியை வாரக் கடைசிக்குத் தள்ளலாம். இது புத்திசாலித்தனம். மாத்திரையாகச் செமாக்ளூடைடு எடுப்பவர்களுக்கு இன்னொரு வசதி. வெறும் வயிற்றில் அரை டம்ளருக்கு மேற்படாத தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தினமும் தானாக வந்து நிற்கும் அந்த அரைமணியில் நடையையோ உடற்பயிற்சியையோ நுழைத்துவிட்டால் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை.

கலோரி கணக்கு / புரதம் முதலில்

சாப்பிடுவதே கொஞ்சமாகிவிட்ட ஒருவர் ஆப்பில் கலோரி எண்ணிக்கொண்டிருப்பதில் எனக்குப் பெரிய பயன் தெரியவில்லை. எண் குறையக் குறைய மகிழ்ச்சி வரும், ஆபத்து அங்கேதான். தட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் சோறோ ரொட்டியோ, மறுபக்கம் முட்டையோ மீனோ பருப்போ. சோற்றில் கைவைத்தால் ஐந்தாறு வாயில் வயிறு மூடிக்கொள்ளும், முட்டை அப்படியே கிடக்கும். முட்டையில் தொடங்கினால், மீதி வைப்பது சோறாக இருக்கும். தட்டு அதேதான், உடம்புக்குள் போனது வேறு.

எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் என்பது இப்போது பரவலாகச் சொல்லப்படும் அளவு. 80 கிலோ உள்ளவருக்குக் குறைந்தது 96 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான் என்பதால், ஒரே வேளையில் எட்டிப் பிடிக்க முடியாது, வேளைக்கு வேளை பிரிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நடை / பளு

இரண்டும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சொல்கிறது. ஒன்றுக்குத்தான் தெம்பிருக்கிறது என்றால்? பெரும்பாலோர் நடையைச் சொல்வார்கள். நான் பளுவைச் சொல்வேன்.

இந்த மருந்துகளால் குறையும் எடை முழுக்கக் கொழுப்பு இல்லை. ஆய்வுகளில் கால் பங்கிலிருந்து சுமார் 40 சதவீதம் வரை தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத பகுதி. எடை திரும்பி ஏறும்போது கொழுப்பு எளிதில் ஏறிவிடும், தசை அப்படி ஏறாது. வயதானவர்களுக்கு இது விழுவதா, நிற்பதா என்கிற விஷயம். ஜிம் கட்டாயமில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெல்ல உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று தொடங்கலாம். எளிதாகிவிட்டால் எண்ணிக்கையையோ எடையையோ கூட்ட வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தக் கூட்டலைத்தான்.

தினமும் தராசா, வாரம் ஒருமுறையா

வாரம் ஒருமுறை, ஊசி நாள் காலையில். மலச்சிக்கலும் உடலில் தங்கும் நீரும் தராசை ஆட்டிவைக்கும், அன்றாட எண்ணுக்கு அர்த்தம் குறைவு. எடை நின்றுபோன மாதங்களில் இடுப்பளவு டேப் உண்மையைச் சொல்லும்.

பழக்கம் வந்தபின் நிறுத்திவிடலாமா

இதில் ஆசைவார்த்தை சொல்ல எனக்கு மனமில்லை. சர்மவுன்ட் 4 ஆய்வில் எல்லோரும் 36 வாரம் டிர்செபடைடு எடுத்தார்கள். பிறகு தெரியாமலே மருந்தில்லாத ஊசிக்கு மாற்றப்பட்டவர்களுக்கு அடுத்த 52 வாரங்களில் 14 சதவீதம் எடை ஏறியது, தொடர்ந்தவர்களுக்கு மேலும் 5.5 சதவீதம் இறங்கியது. பசி திரும்புவது உடலின் இயல்பு. எடை ஏறினால் மன உறுதி போதவில்லை என்று தன்னைத் திட்டிக்கொள்வது அநியாயம். பழக்கங்கள் அந்த ஏற்றத்தைக் குறைக்கும், மருந்தின் இடத்தை முழுதாக நிரப்பும் என்று யாரும் உறுதி தர முடியாது.

நிறுத்துவது என்று மருத்துவரோடு பேசி முடிவெடுத்தால், கடைசி ஊசிக்குப் பின் செமாக்ளூடைடு உடலைவிட்டு நீங்க ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். பசி மெல்ல மெல்ல ஏறும் அந்த வாரங்களில் புதிதாக எதையும் தொடங்குவது கடினம். வேளை தவறாத சாப்பாடும் வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எடை எத்தனை கிலோ ஏறினால் திரும்ப வந்து பார்க்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் அப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.