ரூகர் 10/22 கார்பைன்: துப்பாக்கி சரி, தோட்டாவைத்தான் தேட வேண்டியிருந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரூகர் நிறுவனத்தின் 10/22 கார்பைன், அதாவது குட்டையான ரைஃபிள், நல்ல துப்பாக்கி, தாராளமாக வாங்கலாம். ஆனால் அதில் எந்தத் தோட்டாவைப் போடுகிறீர்கள் என்பதில்தான் பாதிக்கு மேல் விஷயம் இருக்கிறது. அது எனக்குப் புரிய ஆறேழு மாதம் ஆனது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது டெக்சஸில். ஊருக்கு வெளியே இருக்கும், துப்பாக்கி சுடும் திறந்தவெளி ரேஞ்சுக்கு நண்பர் ஒருவர் கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டார். மதுரைக்காரர், இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, வருடம் தவறாமல் மான் வேட்டைக்குப் போகிறவர். அவருடைய துப்பாக்கியிலேயே மூன்று மாதம் சுட்டேன். அப்புறம் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று தோன்றியபோது என் மனதில் இருந்தது 9 எம்எம் கார்பைன்தான். ரூகரே பிசி கார்பைன் என்று ஒன்று செய்கிறது. இரண்டாகக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம், க்ளாக் கைத்துப்பாக்கியின் தோட்டா அடுக்கும் மேகசினைக்கூட அதில் போடலாம், பார்க்கவும் மிடுக்காக இருக்கும். நண்பர்தான் தடுத்தார். “தம்பி, துப்பாக்கி ஒரு தடவை வாங்குறது, தோட்டா மாசாமாசம் வாங்குறது. கணக்குப் போடணும்னா அதுக்குப் போடு” என்றார். போட்டுப் பார்த்தேன். அன்றைய விலையில் 9 எம்எம் ஒரு ரவுண்டு, அதாவது ஒரு தோட்டா, 25 சென்ட் பக்கம், ரூகர் 10/22 சுடும் சின்ன .22 எல்ஆர் தோட்டா எட்டு ஒன்பது சென்ட். சனிக்கிழமை காலையில் 200 ரவுண்டு சுடுகிறவனுக்கு அது 50 டாலருக்கும் 18 டாலருக்கும் உள்ள வித்தியாசம். தவிர .22இல் உதை என்று சொல்லுமளவுக்கு எதுவும் இல்லை, சத்தமும் குறைவு, ஆகவே புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ட்ரிகரை இழுக்கும் நேரத்தில் கண்ணை மூடித் தோளைச் சுருக்கும் கெட்ட பழக்கம் அவ்வளவு எளிதில் ஒட்டாது. வீட்டுப் பாதுகாப்புக்கு என்று தேடுகிறவர்களுக்கு நான் எழுதுவது பயன்படாது. நான் வாங்கியது காகித இலக்கைச் சுட மட்டும்.

வாங்கப்போகும் முன் நம் ஆட்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதையும் வைத்திருப்பதையும் அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் இருக்கின்றன, ஆனால் அதை நம்பி இறங்கும் முன் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நண்பருடைய துப்பாக்கியை ரேஞ்சில் கையில் வாங்கிச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை; நான் அது வந்த பிறகுதான் ரேஞ்சுப் பக்கமே போனேன். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், அதில் பொய் எழுதினால் அதுவே குற்றம். பின்னணிச் சோதனைக்கு எனக்கு அன்றே பதில் வரவில்லை, இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வரியெல்லாம் சேர்த்து 350 டாலருக்குள் முடிந்தது.

இனி துப்பாக்கி. 1964இல் வந்த வடிவம், இன்னமும் அடிப்படையில் அதேதான். 18.5 அங்குலக் குழல், எடை ஏறக்குறைய 5 பவுண்டு. என்னுடையது மரக்கட்டை வைத்த பழைய வகை. முன்பக்கம் குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் வளையம் இருப்பதால் இரண்டாம் உலகப் போர்க்கால எம்1 கார்பைனின் சாயல் தெரியும். என் மனைவி ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல், அவளும் கை நோகாமல் பிடிக்கிறாள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பத்து ரவுண்டு மேகசின். .22 தோட்டாவின் அடியில் விளிம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். ரூகர் அதற்குச் செய்த ஏற்பாடு, நடுவில் சுழலும் சக்கரம், அதில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிப் பள்ளம். மேகசின் துப்பாக்கியின் அடிப்பக்கத்தோடு சமமாக உட்கார்ந்துவிடும், வெளியே எதுவும் துருத்தாது. 25 ரவுண்டு மேகசினும் விற்கிறார்கள், மேசையில் வைத்துச் சுடும்போது அது இடிக்கிறது, எனக்குத் தேவைப்படவில்லை.

குறைகளும் உண்டு. கடைசித் தோட்டா சுட்டதும் போல்ட் (தோட்டாவை ஏற்றிக் குழலின் பின்பக்கத்தை மூடும் பாகம்) திறந்து நிற்காது, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள், ஆகவே காலியாகிவிட்டதா என்று வெறும் ‘க்ளிக்’ சத்தத்தில்தான் தெரியும். போல்ட்டைத் திறந்து நிறுத்த ட்ரிகர் காப்புக்கு முன்னால் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது, அது கைக்குப் பழக ஒரு வாரம் ஆகும். ட்ரிகர் கனம், ஆறு பவுண்டு அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும்; ரூகரே அதில் பாதிக்கும் குறைவான கனத்தில் தனி ட்ரிகர் விற்கிறது, இரண்டு ஊசிகளைத் தட்டி எடுத்து வீட்டிலேயே மாற்றிவிடலாம். குழலைப் பின்பக்கத்திலிருந்து சுத்தம் செய்ய என்னுடைய வகையில் வழியில்லை. குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு ஒன்றை வாங்கிவிட்டேன், அது போதும்.

சரி, தோட்டாவுக்கு வருகிறேன். இதை வாங்கிய முதல் மூன்று மாதம் நான் சுட்டது கடையில் இருந்ததிலேயே மலிவான மொத்தப்பெட்டி. 50 கஜத்தில் ஐந்து தோட்டா சுட்டால் மூன்று அங்குலத்துக்குச் சிதறும். நூற்றுக்கு நாலு வெடிக்காது. நான் குறிபார்ப்பது சரியில்லை என்றே நினைத்துக்கொண்டு மூச்சைப் பிடிப்பது, விரல் வைப்பது என்று எதையெதையோ மாற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நண்பர் தன் பையிலிருந்து சிசிஐ நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி என்ற தோட்டா ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்து “இதைப் போடு” என்றார். அதே மேசை, அதே மணல் பை, அதே நான். ஐந்து ஓட்டைகளும் ஒன்றேகால் அங்குலத்துக்குள் விழுந்தன.

அன்றுதான் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன். மூன்று சனிக்கிழமை, காற்றில்லாத காலை நேரம், ஒவ்வொரு வகையிலும் ஐந்தைந்தாகப் பத்து தடவை. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி சராசரியாக ஒன்றேகால், சிசிஐ மினி மேக் ஒன்றேமுக்கால், ஃபெடரல் ஆட்டோமேட்ச் இரண்டுக்குப் பக்கத்தில், அந்த மொத்தப்பெட்டி பழைய மூன்றுதான். இது என் துப்பாக்கியின் கணக்கு. உங்களுடையதில் ஆட்டோமேட்ச் முதலில் வரலாம். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு குழல்கள்கூட வேறு வேறு தோட்டாவை விரும்பும்.

ஆனாலும் இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. மினி மேக்கின் 40 கிரெய்ன் எடையுள்ள குண்டு வினாடிக்கு 1235 அடி வேகத்தில் கிளம்புகிறது. ஒலியின் வேகம் 1125 அடி பக்கம். ஆகவே அது ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, போகிற வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தைக் கடந்து இறங்குகிறது, அந்த இடத்தில் காற்றின் அழுத்தம் மாறிக் குண்டைக் கொஞ்சம் உலுக்கிவிடுகிறது. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியும் 40 கிரெய்ன்தான், ஆனால் 1070 அடியில் கிளம்புவதால் ஒலியின் வேகத்தை அது தொடுவதே இல்லை. வேகம் கூடினால் நல்லது என்று நினைத்து எப்போதும் பெரிய எண் போட்ட பெட்டியையே எடுத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய விஷயமாக இருந்தது.

அதற்காக வேகத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது. 10/22இல் வெடித்த தோட்டாக்கூட்டின் அழுத்தமே போல்ட்டைப் பின்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. சிசிஐ க்வயட்-22 என்று 710 அடியில் போகும் ஒன்று இருக்கிறது, காதுக்கு இதமாக இருக்கும், ஆனால் என் போல்ட்டைத் தள்ள அதற்குச் சக்தி போதவில்லை, ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டியிருந்தது. அது வேறு வகைத் துப்பாக்கிக்கான தோட்டா. மறுகோடியில் சிசிஐயின் ஸ்டிங்கர், 32 கிரெய்ன், 1640 அடி. அதன் கூடு வழக்கமான .22 எல்ஆரைவிடச் சற்று நீளம், ஆகவே போட்டிக்கென்று இறுக்கமாகக் கடைந்த குழலுக்கு மாற்றியிருப்பவர்கள் அதைப் போடக்கூடாது. காகிதம் சுட எனக்கு அது வேண்டியதும் இல்லை.

வெடிக்காத தோட்டா பற்றிக் கொஞ்சம். .22இல் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்பின் உள்ளே வளையமாகப் பரவியிருக்க வேண்டும். மலிவான பெட்டிகளில் சில இடங்களில் அது விட்டுப்போகிறது, துப்பாக்கியின் அடிக்கும் ஊசி அந்த இடத்தில் பட்டால் ஒன்றும் நடக்காது. ‘க்ளிக்’ என்றதும் உடனே திறந்துவிடாதீர்கள், குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 வினாடி பொறுத்து அப்புறம் திறங்கள். இதைவிட முக்கியம், சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். தோட்டாவை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுக் குழலைப் பார்க்க வேண்டும். சின்னத் தோட்டாதானே என்று யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம், .22 குண்டு ஒன்றரை மைல் வரை போகும், பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடக்கூடாது. எங்கள் வீட்டில் எட்டு வயதுப் பையன் இருக்கிறான். துப்பாக்கி இரும்புப் பெட்டியில், தோட்டா வேறு அறையில் வேறு பூட்டில். ரேஞ்சிலிருந்து வந்ததும் ஈயம் போகச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்பது.

புதிதாக வாங்குகிறவர்கள் எடுத்ததும் 500 ரவுண்டுப் பெட்டி வாங்காதீர்கள். நாலைந்து வகையில் 50 ரவுண்டுப் பெட்டி ஒவ்வொன்று வாங்கி, மணல் பை மேல் வைத்து நிதானமாகச் சுட்டுப் பாருங்கள். வகை மாற்றும்போது முதல் பத்துப் பதினைந்து தோட்டாவைக் கணக்கில் எடுக்காதீர்கள், முந்தைய தோட்டாவின் மெழுகுப் பூச்சு குழலில் ஒட்டியிருக்கும். அப்புறம் பெட்டியில் அச்சாகியிருக்கும் லாட் எண்ணையும் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) குறித்துக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் வரும் தோட்டாகூட லாட்டுக்கு லாட் மாறுகிறது. எனக்கு நன்றாக வந்த ஸ்டாண்டர்ட் வெலாசிட்டிப் பெட்டியின் எண்ணை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போன மாதம் கடைக்குப் போனேன். அதே எண்ணில் 500 ரவுண்டுப் பெட்டி மூன்று இருந்தன, மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.