ரெட்ரீவர் குட்டிக்கு அதட்டலா, கிளிக்கரா, ஒரு சொல்லா?

செங்கோட்டையில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் லாப்ரடார் குட்டியை வீட்டுக்குள் பிடித்துவைக்க முடியாது. புளியரைப் பக்கம் வாய்க்காலைக் கண்டால் போதும், இறங்கிவிடும். அதன் முன்னோர் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு தண்ணீரில் வேலை பார்த்தவை. கோல்டன் ரெட்ரீவரோ, சுட்ட பறவையை நசுக்காமல் கொண்டுவந்து தருவதற்காக 1868 முதல் ஸ்காட்லாந்தில் வளர்த்தெடுத்த இனம். ஆக, எதையாவது வாயில் கவ்விக் கொண்டுவருவது இந்த இரண்டு ரெட்ரீவர் நாய்களுக்கும் ரத்தத்திலேயே இருக்கிறது. உங்கள் செருப்பு காணாமல் போவதும் அதனால்தான்.

குட்டியைப் பழக்க எங்கள் ஊரில் பலருக்கும் தெரிந்த வழி அதட்டல். கழுத்துப்பட்டையைச் சுண்டி இழுப்பது, முதுகில் ஒரு தட்டு. குட்டி அந்த நொடியே நின்றுவிடும். அதனால்தான் இதை விட மனசு வருவதில்லை. எங்கள் முதல் லாப்ரடாரை இப்படித்தான் பழக்கினோம். செருப்போடு வந்தபோது இரண்டு அடி வாங்கியது. அப்புறம் பந்தை எறிந்தாலும் திண்ணைக்கு நாலடி தள்ளியே நிற்கும், வால் கால்களுக்கு நடுவில், பந்து வாயில். கிட்டே வரவே வராது. செருப்பை எடுத்தது தப்பு என்று அது படிக்கவில்லை. கொண்டுவந்தால் அடி என்று படித்துவிட்டது. ரெட்ரீவருக்கு இதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது.

கிளிக்கர், ‘டிக்’ என்று சத்தம் போடும் சின்னப் பெட்டி. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்கள் சத்தத்தையும் சாப்பாட்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்ட அதே சங்கதி. முதலில் எதுவும் செய்யச் சொல்லாமல், டிக், உடனே ஒரு துணுக்குக் கோழி; பதினைந்து இருபது தடவை. பிறகு உட்காரப் பழக்க, பின்புறம் தரையைத் தொடும் அதே நொடியில் டிக். சத்தம் மாறாது, கோபம் கலக்காது. ஆனால் சாரலில் ஒரு கையில் குடை, ஒரு கையில் சங்கிலி. பெட்டியை எந்தக் கையால் அழுத்துவது?

டிக்குக்குப் பதில் ஒரு சொல் என்றால் கை வேண்டாம். நாங்கள் ‘சபாஷ்’ என்று வைத்தோம். அத்தை பேரனைச் சபாஷ் என்றபோதெல்லாம் குட்டி தீனி கேட்டு ஓடியது. சரி, வீட்டில் யாரும் பேசாத ‘டக்’ என்று மாற்றினோம்.

புதுப் பாடத்துக்குக் கிளிக்கர், படிந்தபின் சொல் என்பது என் முடிவு. கொண்டுவரப் பழக்க ரேழியே போதும். கதவுகளைச் சாத்திவிட்டுச் சுருட்டிய சாக்ஸை உருட்டுங்கள். திரும்பி வர உங்களிடம் மட்டும்தான் வழி. வந்ததும் பிடுங்காதீர்கள், நெஞ்சைத் தடவிக்கொடுங்கள். மூக்கருகே கோழித்துண்டு காட்டினால் வாய் திறக்கும், திறக்கும்போது ‘விடு’. சாக்ஸைச் சில சமயம் திருப்பியும் கொடுங்கள். நாலைந்து எறிதலோடு, ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். தீனியை அன்றைய சாப்பாட்டில் கழித்துக்கொள்ளுங்கள், லாப்ரடார் சட்டென்று பெருத்துவிடும்.

இப்போதுள்ள குட்டிக்கு ஐந்து மாதம். பல் விழுந்து முளைக்கிற நேரம், ஈறு வலிக்கும். ஆகவே மெத்தென்ற துணி மட்டும்தான். நேற்று அத்தையின் செருப்பை நனையாத பக்கமாகக் கவ்வி வந்து, அவர் கைக்கு நேராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.