எனாமல் வளர்க்கும் ஜெல் என்று விற்கிறார்கள், உஷார்

பல்லின் கடினமான மேலடுக்கான எனாமல் தேய்ந்துபோனால் அதைத் திரும்ப வளர்க்கும் ஜெல் என்று ஆன்லைனில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. வாங்கியதில் எனக்குப் பணம் போனது. கடைவாய்ப் பல் ஒன்றில் தொடக்க நிலையில் இருந்த சொத்தையும் உள்ளே இறங்கிவிட்டது.

இவர்கள் முழுப்பொய் சொல்வதில்லை, அதுதான் ஆபத்து. விளம்பரத்தின் கீழே இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வைப் பற்றிய செய்தியை ஒட்டியிருந்தார்கள். அந்த ஆய்வு உண்மை. 2025 நவம்பரில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது. குழந்தைப் பருவத்தில் எனாமல் உருவாக உதவும் புரதத்தின் வேலையைச் செய்யும் ஒரு புரத ஜெல்லைப் பல்லின் மேல் பூசுகிறார்கள். அது கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இழுத்துப் பிடித்து, பழைய எனாமல் படிகங்களின் வரிசையிலேயே புதியவற்றை வளர வைக்கிறது. ஆனால் சோதித்தது பிடுங்கிய பற்களில், ஆய்வகத்தில். வளர்ந்த படலத்தின் தடிமன் மைக்ரோமீட்டர் கணக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவு. எனாமலோ தடித்த இடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர்.

எனக்கு வந்த டப்பாவில் அப்படி எந்தப் புரதமும் இல்லை. சிலிக்கா, கிளிசரின், பொட்டாசியம் நைட்ரேட், புதினா மணம், அவ்வளவுதான். பொட்டாசியம் நைட்ரேட் கெட்ட பொருள் அல்ல, பல் கூச்சத்துக்கான பேஸ்ட்களில் இருப்பதுதான். அது நரம்பைச் சாந்தப்படுத்தும், எனாமலை வளர்க்காது. கூச்சம் குறைந்ததும் "பார்த்தீர்களா, வளர ஆரம்பித்துவிட்டது" என்று விற்றவர்கள் செய்தி அனுப்பினார்கள். கூடவே, ஜெல் போடும் காலத்தில் ஃப்ளோரைடு பேஸ்ட் தொடவே கூடாதாம், "வளர்ச்சி தடைபடும்" என்று குறிப்புத்தாளில் அச்சடித்திருந்தார்கள். இதுதான் என் பல்லுக்கு வினையானது. ஓட்டை விழுவதற்கு முந்தைய வெண்புள்ளி நிலையில், எச்சிலில் உள்ள தாதுக்கள் பல்லில் திரும்பப் படிய உதவுவதே ஃப்ளோரைடுதான்.

பல் மருத்துவர் பார்த்துவிட்டு, சொத்தை எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் அடுக்கைத் தொட்டுவிட்டது, அடைத்துத்தான் ஆகவேண்டும் என்றார். எனாமலை உண்டாக்கும் செல்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன, அதனால் உடம்பு தானாக அதைத் திரும்பச் செய்யாது. ஓட்டை விழுந்த பிறகு எந்த பேஸ்ட்டும் அதை மூடாது என்று விளக்கினார். அடைத்தாயிற்று.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். திறந்த டப்பாவுக்குக் கிடையாது என்றார்கள். திறக்காமல் எப்படிப் பூசுவதாம்? சரி, இதில் புரதம் எங்கே என்று கேட்டதற்கு "தொழில் ரகசியம்" என்று பதில் வந்தது. அப்புறம் என் எண்ணையே முடக்கிவிட்டார்கள்.

இப்போது அதே டப்பா வேறு பெயரில் வருகிறது. முன்-பின் படங்கள்கூட மாறவில்லை. "ஃப்ளோரைடு தொடாதீர்கள்" என்ற வரியும், "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற முத்திரையும் சேர்ந்து இருந்தால் அது இதுதான்.