மண்டப விளம்பரத்தில் ஒன்று, விதிமுறைப் பலகையில் வேறொன்று: நெல்லைப் பக்கம் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தச்சநல்லூர் வட்டாரத்தில் வரும் முகூர்த்தங்களுக்குக் கல்யாண மண்டபம் தேடிக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிவைக் கடைசி வரை படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் அக்காள் மகளின் திருமணம் சென்ற ஆவணியில் நடந்தது. மண்டபம் பேசியது முதல் கணக்குத் தீர்த்தது வரை தாய்மாமன் என்ற முறையில் அத்தானுடன் நானும் கூடவே இருந்தேன் என்பதால், கேள்விப்பட்டது எதையும் சேர்க்காமல், கண்ணால் பார்த்ததையும் கையில் ரசீதோ படமோ இருப்பதையும் மட்டுமே எழுதுகிறேன். விஷயம் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் மண்டபத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

அந்த மண்டபத்தின் விளம்பரம் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியிலும், வண்ணார்பேட்டை மேம்பாலத்தை ஒட்டிய பதாகையிலும், வீடு வீடாகக் கொடுத்த துண்டுச் சீட்டிலும் ஒரே வாசகத்தோடு வந்தது: ‘ஏ.சி. ஹால், டைனிங் ஹால், சமையல் கூடம், மணமக்கள் அறைகள், ஜெனரேட்டர் வசதி இலவசம், எல்லாம் சேர்த்து ரூ. 90,000 மட்டுமே.’ துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டே நாங்கள் அலுவலகத்துக்குப் போனோம். இந்தத் தொகைக்கு மேல் வேறு ஏதாவது உண்டா என்று நான் நேராகவே கேட்டேன். மேலாளர், ‘கரண்ட் சார்ஜ் மட்டும் மீட்டர் ஓடுற அளவுக்கு வரும் அண்ணாச்சி, வேற ஒண்ணும் கிடையாது’ என்றார். அத்தான் அங்கேயே ரூ. 30,000 முன்பணம் கட்டினார். கொடுத்த ரசீதின் முன்பக்கம் தமிழில் இருந்தது. பின்பக்கத்தில் கடுகளவு எழுத்தில், ஆங்கிலத்தில், ‘மண்டபத்தின் விதிமுறைகளுக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. அந்த விதிமுறைகள் எவை என்று ரசீதிலும் இல்லை, கேட்டபோது கையில் கொடுக்கும்படியான தாள் எதுவும் அலுவலகத்திலும் இல்லை. ‘எல்லா மண்டபத்திலயும் உள்ளதுதான் அண்ணாச்சி’ என்ற பதிலோடு அன்றைய பேச்சு முடிந்தது.

விதிமுறைகள் எங்கே இருக்கின்றன என்பது கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலையில்தான் தெரிந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து எங்கள் தவசிப்பிள்ளை (கல்யாணச் சமையல்காரர்), ஆட்களோடும் பாத்திரங்களோடும் தேங்காய் மூட்டைகளோடும் வண்டியில் வந்து இறங்கியபோது, காவலாளி வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டார். வெளியாட்கள் சமைக்கக் கூடாதாம்; மண்டபத்தின் ஒப்பந்தக்காரரே சமைப்பாராம். எங்கே அப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, சமையல் கூடத்தைத் தாண்டி சாமான்கள் வைக்கும் உக்கிராண அறைக்குள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஓர் ஆள் இழுத்து நகர்த்திய பிறகு, சுவரில் நீல நிறத் தகரப் பலகை ஒன்று தெரிந்தது. தலைப்பு மட்டும் தமிழில் ‘மண்டப விதிமுறைகள்’. அதற்குக் கீழே இருந்த இருபத்தேழு விதிகளும் ஆங்கிலம். பாதிக்குமேல் பெயிண்ட் உரிந்திருந்தது. அந்தப் பலகையை நான் கைப்பேசியில் படம் எடுத்தபோது, மேலாளர் அதுவரை இருந்த மரியாதையெல்லாம் போய், ‘படம்லாம் எதுக்கு எடுக்கிய? ரூல்ஸுன்னா ரூல்ஸ்தான்’ என்றார். எங்கள் முன் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன: ஒப்பந்தக்காரரிடம் இலைக்கு இவ்வளவு என்று அவர் சொல்லும் விலைக்குச் சாப்பாடு வாங்க வேண்டும், இல்லையென்றால் வெளிச் சமையலுக்கு ‘அனுமதிக் கட்டணம்’ என்று ரூ. 15,000 கட்ட வேண்டும்.

திருநெல்வேலிக் கல்யாணத்தில் மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதி என்பது இந்தப் பக்கத்தார் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேங்காயைத் துருவி மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, இரண்டாம் பாலும் பாசிப்பருப்பும் சேர்த்து, முதல் பாலை ஊற்றியபின் கொதிக்க விடாமல் நுரை கட்டும்போதே இறக்கி, சூடு தணிந்த பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். கொஞ்சம் கவனம் தப்பினால் அண்டா முழுவதும் திரிந்துவிடும். அதற்காகவே குடும்பங்கள் தலைமுறையாக ஒரே தவசிப்பிள்ளையை வைத்துக்கொள்கின்றன. அன்று ஒப்பந்தக்காரரின் ஆளிடம் சொதி பற்றிக் கேட்டபோது, தேங்காய்ப்பால் பொடியும் சோள மாவும் கலந்து செய்வதாக அவரே சொன்னார். சம்பந்தி வீட்டாருக்கு அதை எப்படிப் பரிமாற முடியும்? விடிந்தால் முகூர்த்தம் என்ற நிலையில் அத்தான் பதினையாயிரத்தையும் கட்டினார். அதற்கு ரசீது தரவில்லை. நல்லவேளையாக ரொக்கமாகக் கொடுக்காமல் கைப்பேசி வழியாக அனுப்பச் சொன்னேன். பேச்சு முடிந்து அடுப்புப் பற்றவைக்கும்போது இரவு வெகு நேரம் ஆகிவிட்டதால், மாப்பிள்ளை வீட்டாரின் காலைப் பலகாரப் பந்தியே தாமதமாகத்தான் நடந்தது. அக்காள் அன்று சம்பந்தியம்மாளிடம் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அதைவிட மோசமானது கணக்குத் தீர்க்கும் நேரத்தில் நடந்தது. இலவசம் என்று விளம்பரத்தில் சொன்ன ஜெனரேட்டருக்கு, ஓடிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ரூ. 2,500 வீதம் டீசல் செலவு எழுதியிருந்தார்கள். துப்புரவுக்கு ரூ. 8,000, எச்சில் இலை அள்ளுவதற்குத் தனியே ரூ. 3,000, வெளியிலிருந்து நாதஸ்வரக்காரர்களை அழைத்துவந்ததற்கு ஒரு கட்டணம், வாசலில் வாழை மரம் கட்டியதற்கு ஒரு கட்டணம். மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ரூ. 30, வணிக இணைப்புக்கு மின்வாரியம் வாங்குவதைப் போல் இது இருமடங்குக்கும் அதிகம். இவற்றின் மேல் 18 விழுக்காடு வரி என்று போட்டிருந்த அந்தச் சீட்டில் ஜிஎஸ்டி எண் இல்லை, வரிசை எண் இல்லை, கையெழுத்தும் இல்லை. இதை நான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கட்டில், பீரோ, பாத்திரங்கள் என்று பெண்ணுக்கான சீர் சாமான்கள் இருந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். பணம் வந்தால்தான் சாவி என்றார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் வழியனுப்ப வேண்டிய நல்ல நேரத்தில், சாமான்களை அடகுப் பொருள் மாதிரி வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்களிடம் எந்தத் தகப்பனால் வாதாடிக்கொண்டிருக்க முடியும்? தொண்ணூறாயிரம் என்று பேசிய மண்டபத்துக்கு மொத்தம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டே வெளியே வந்தோம்.

மண்டபம் நடத்துகிறவருக்கும் செலவு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. டீசலுக்குப் பணம் வேண்டும், கூட்டுகிறவருக்குக் கூலி வேண்டும். அவற்றைச் சேர்த்து ஒன்றரை லட்சம் வாடகை என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தால், கட்டுவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்திருப்போம். இதே ஊரில், முன்பதிவு செய்யும்போதே விதிகளையும் கட்டணங்களையும் தமிழில் அச்சடித்த தாளைக் கொடுத்து, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் மண்டபங்களும் இருக்கின்றன. குறைந்த தொகையைச் சொல்லி ஆளை உள்ளே இழுத்துவிட்டு, திரும்பிப் போக முடியாத நேரத்தில் விதியைக் காட்டுவதுதான் இங்கே குற்றம்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்தபோது, நாங்கள் பட்ட ஒவ்வொன்றுக்கும் அதில் பெயர் இருந்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு சேவையைப் பெறுவதற்கு இன்னொரு சேவையையும் வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை அச்சட்டம் கட்டுப்படுத்தும் வணிக முறை என்கிறது. மண்டபம் வேண்டுமானால் எங்கள் ஆள்தான் சமைக்க வேண்டும் என்பது இந்த வகையில் வரும் என்பதே எங்கள் வாதம். ரசீது தராமல் இருப்பது நியாயமற்ற வணிக முறை. தவறவிடக் கூடாத முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் அடங்கும். விளம்பரங்கள் குறித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இன்னும் தெளிவானவை: விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் நிபந்தனையும் இருக்க வேண்டும், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும், சாதாரணப் பார்வை உள்ளவர் படிக்கும்படி தெரிய வேண்டும், பின்னால் பணம் வாங்கப்போகும் ஒன்றை இலவசம் என்று சொல்லக் கூடாது. வசீகரத்தையெல்லாம் தமிழில் பதாகையாகக் கட்டிவிட்டு, நிபந்தனைகளை ஆங்கிலத்தில் நாற்காலிகளுக்குப் பின்னால் வைப்பதை இந்த நெறிகள் ஏற்கவில்லை.

நுகர்வோர்மீது காரணமில்லாத கட்டணத்தையோ, ஏற்பட்ட இழப்புக்குப் பொருந்தாத அபராதத்தையோ சுமத்தும் ஒப்பந்தத்தை, நியாயமற்ற ஒப்பந்தம் என்று அதே சட்டம் தனியே வகைப்படுத்துகிறது. ஆனால் அந்தத் தலைப்பில் வழக்குத் தொடுப்பதானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். அதன் அமர்வு மதுரையில் இருக்கிறது. சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக முறை, கூடுதல் வசூல் என்று கேட்பதானால் திருநெல்வேலி மாவட்ட ஆணையமே போதும். நாங்கள் இந்த இரண்டாவது வழியைத்தான் எடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை ரூ. 5 லட்சம் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் எதுவும் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை, குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, மண்டபத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதமும் அனுப்பினோம். ‘வாடிக்கையாளர் விதிமுறைப் பலகையைப் படித்துப் பார்த்த பின்பே முன்பதிவு செய்தார்’ என்று பதில் வந்தது. பலகை எங்கே, எந்த நிலையில், எந்த மொழியில் இருக்கிறது என்பதற்கு அன்று மாலை எடுத்த படங்கள் எங்களிடம் இருக்கின்றன, நாள், நேரத்தோடு.

மண்டபம் பார்க்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, வாடகையைப் பேசுவதற்கு முன்னால் விதிமுறைகளை எழுத்தில் கேளுங்கள் என்பதைத்தான். வெளித் தவசிப்பிள்ளைக்கும் நாதஸ்வரத்துக்கும் தடையோ கட்டணமோ உண்டா, ஜெனரேட்டர் டீசல் யார் பொறுப்பு, யூனிட்டுக்கு என்ன விலை, மண்டபத்தை எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு ஒப்படைக்க வேண்டும், ஏதோ காரணத்தால் கல்யாணம் தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் சாவு விழுந்து கல்யாணம் தள்ளிப்போனது; அதே தேதியை வேறு வீட்டாருக்கு முழு வாடகைக்கு விட்ட பிறகும், முன்பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவில், ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான ஈடு எதுவோ அதற்குத்தான் இடம் தருகிறது. தாள் தர மறுத்தால், மேலாளர் வாயால் சொன்னதையெல்லாம் நீங்களே கைப்பேசியில் எழுதி, அவருடைய எண்ணுக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். துண்டுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், பதாகையைப் படம் எடுங்கள், உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் மின் மீட்டரைப் படம் எடுங்கள். பணம் எதையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சீர் சாமான்களைக் கடைசிக் கணக்குக்கு முன்பே ஏற்றி அனுப்பிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு அப்படித்தான் செய்வதாக இருக்கிறோம்.

எங்கள் வழக்கு எங்கள் பணத்தை மட்டுமே பற்றியது. அந்தப் பதாகை இன்னும் அதே இடத்தில், அதே வாசகத்தோடு நிற்கிறது. பொதுவாக நுகர்வோரைப் பாதிக்கும் விளம்பரத்தைப் பற்றி மாவட்ட ஆட்சியரிடமும் புகார் தரலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. தவறான விளம்பரத்தை நிறுத்தவோ திருத்தவோ உத்தரவிடும் அதிகாரம் மத்திய ஆணையத்துக்கு உண்டு. ஒருவர் கொடுக்கும் மனுவைவிடப் பல குடும்பங்கள் சேர்ந்து கொடுக்கும் மனுவுக்கு மதிப்பு அதிகம். எனவே, நாற்காலிகளுக்குப் பின்னால் நீலப் பலகை உள்ள மண்டபம் எது என்று புரிந்துகொண்டவர்களும், அங்கே இதேபோல் பணம் கட்டியவர்களும், கையில் இருக்கும் சீட்டு எதுவானாலும் அதன் நகலோடு எனக்குச் செய்தி அனுப்புங்கள். ஐப்பசி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் ஒரு திங்கட்கிழமை, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்தே மனுவைக் கொடுத்துவிடலாம்.