தனியாக ஓர் ஆசனம் பதிவு செய்ய முடிகிறதா: கிளிநொச்சிப் பேருந்து நிறுவனமொன்றின் இணையத்தளம் பற்றிய மதிப்பீடு

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு இரவுநேரப் பேருந்துகளை நடத்தும் தனியார் நிறுவனம் ஒன்று, தனது ஆசனப் பதிவு இணையத்தளத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய விதத்தில் அண்மையில் திருத்தி அமைத்திருக்கிறது. பார்வையில்லாத நான் அந்தத் தளத்தைத் திரைவாசிப்பான்களின், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள்களின், துணையோடு பயன்படுத்தினேன்: கைத்தொலைபேசியில் டாக்பேக், கணினியில் என்.வி.டி.ஏ. யுத்தத்தில் வலது கையை இழந்த நண்பர் ஒருவரும், செவிப்புலன் இல்லாத உறவினப் பெண் ஒருவரும் தத்தம் பயணங்களுக்காக அதே தளத்தில் பதிவு செய்தார்கள். நண்பர் சொன்னதும் உறவினர் எழுதித் தந்ததும் இந்த மதிப்பீட்டில் சேர்ந்திருக்கின்றன. நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. சுட்டிக்காட்டும் குறைகளில் பெரும்பாலானவை இங்குள்ள ஏனைய சேவை நிறுவனங்களின் தளங்களிலும் இருப்பவை என்பதால், ஒருவரை மட்டும் முன்னிறுத்திக் குற்றம் சொல்வது நியாயமாகாது.

பேருந்தைத் தேடத் தொடங்கியதிலிருந்து பதிவு இலக்கம் கைக்கு வரும்வரை, அயலில் உள்ள எவரையும் கூப்பிடாமல் ஒருவரால் முடிக்க முடிகிறதா என்பதே நான் வைத்திருக்கும் அளவுகோல். 2009இல் யுத்தம் முடிந்தபோது கை, கால், கண், காது என்று ஏதோவொன்றை இழந்து எஞ்சியவர்கள் வன்னியின் ஊர்கள்தோறும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கும் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கும் போகவேண்டிய தேவை வருகிறது. புதுக்குடியிருப்பிலோ விசுவமடுவிலோ இருப்பவர் ஓர் ஆசனத்துக்காக ஏ-35 வீதியால் பரந்தனுக்கு வந்து, அங்கிருந்து கிளிநொச்சிக்குப் போய்த் திரும்புவது ஒரு நாள் வேலை. அதைத் தவிர்க்க அயல்வீட்டுப் பிள்ளையிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்தால், வங்கி அட்டை இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எதற்காகக் கொழும்புக்குப் போகிறோம் என்பதையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் மனமுவந்து உதவுகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் வளர்ந்த ஒரு மனிதர் தன் நோயையும் பணத்தையும் ஒவ்வொரு பயணத்துக்கும் பிறர் முன் விரிக்க வேண்டியிருப்பது வேதனையானது.

முதலில் நல்லதைச் சொல்லவேண்டும். பழைய தளத்தின் தமிழ்ப் பகுதிகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் தட்டெழுதியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினி அதை ஆங்கில எழுத்துகளாகவும் நிறுத்தக்குறிகளாகவுமே சேமித்து வைக்கிறது. திரைவாசிப்பானும் அதை அப்படியே, பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாக, வாசித்துக்கொண்டு போகும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. எனினும் நம் பகுதியில் அச்சகங்களும் அலுவலகங்களும் பாமினியில் பழகிவிட்டதால், அங்கே தயாரான நேர அட்டவணைகள் அப்படியே இணையத்துக்கும் ஏறிவிடுகின்றன. இந்த நிறுவனம் எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றியதோடு, பக்கத்தின் மொழி தமிழ் என்பதை நிரலிலும் குறித்திருக்கிறது. அக்குறிப்பு இல்லாத பக்கங்களில் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயன்று தடுமாறும், அல்லது தமிழ்ச் சொற்களை முழுதாகத் தாண்டிவிடும். இப்போது என் கணினி தானாகவே தமிழ்க் குரலுக்கு மாறுகிறது. தேடுபொறிகளும் பாமினியைப் படிக்க மாட்டா என்பதால், தமிழில் தேடுகிற பார்வையுள்ள பயணிகளுக்கும் இந்தத் தளம் இனித்தான் அகப்படும்.

தலைப்புகள் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. கணினியில் ‘எச்’ விசையை அழுத்தி ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போகலாம். பெயர், தொலைபேசி இலக்கம், ஏறுமிடம் ஆகிய பெட்டிகள் ஒவ்வொன்றும் தன்னை இன்னதென்று சொல்கின்றன. நேர அட்டவணை படமாக இல்லாமல் எழுத்தாக இருக்கிறது. நிபந்தனைகள் மட்டும் இன்னமும் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் இருப்பதாக, பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் குறைப்பட்டார். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணையத்துக்கான நியமங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் வழிகாட்டல்களில் 2008 முதல் இருக்கும் விதி.

இந்தத் தளத்தின் உயிர்நாடி ஆசன வரைபடம்தான். முன்பு அது நிறக் கட்டங்களாக மட்டுமே இருந்தது: பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் பதிவானது, இளஞ்சிவப்பு என்றால் பெண் பயணி. விரலை நகர்த்தினால் டாக்பேக் ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘பெயரிடப்படாத பொத்தான்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லும். அதற்கு மேல் எதுவும் தெரியவராது. இப்போது அதே கட்டத்தில் ‘ஆசனம் 7, இடப்பக்கம், யன்னலோரம், காலியாக உள்ளது’ என்று கேட்கிறது. வரைபடத்துக்குக் கீழே காலி ஆசனங்களின் பட்டியலும் தனியாக உண்டு. பேருந்தின் உட்புறம் முழுவதையும் மனதில் வரைந்து பார்க்க விரும்புகிறவருக்கு வரைபடமும், விரைவாக ஒன்றைத் தெரிவு செய்ய நினைப்பவருக்குப் பட்டியலும் உதவுகின்றன. இரண்டையும் வைத்திருப்பது, பயன்படுத்துகிறவர்களிடம் கேட்டுச் செய்த வேலை என்பதைக் காட்டுகிறது.

இருந்தும் இரண்டு குறைகள் உள்ளன. பக்கத்து ஆசனத்தில் பெண் பயணி இருக்கிறாரா என்ற தகவல் பட்டியலில் இல்லை. வரைபடத்திலும் அது இன்னமும் நிறமாக மட்டுமே இருக்கிறது. இரவு முழுவதும் பயணம் செய்யப்போகும் பார்வையில்லாத ஒரு பெண்ணுக்கு, வேறெந்தத் தகவலைவிடவும் அதுவே முதலில் தெரியவேண்டும். அடுத்தது, நாம் ஆசனத்தைத் தேர்ந்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதைப் பதிவு செய்துவிட்டால் கட்டத்தின் நிறம் மாறுகிறதே தவிரக் குரலில் எந்த அறிவித்தலும் வருவதில்லை. மொத்தக் கட்டணம் மாறும்போதும் அப்படித்தான். பக்கத்தில் நிகழும் இத்தகைய மாற்றங்களைத் திரைவாசிப்பானுக்கு அறிவிக்க வேண்டும் என்று அந்த அணுகல் வழிகாட்டல்களின் 2018இல் வந்த 2.1ஆம் பதிப்பு கேட்கிறது. நிரலில் அது பெரிய வேலையுமன்று.

நண்பரின் அனுபவம் வேறு. பழைய வரைபடத்தைப் பெரிதாக்க இரண்டு விரல்களால் விரிக்க வேண்டியிருந்தது. ஒரே கையால் கைத்தொலைபேசியைப் பிடித்து, அதே கையின் பெருவிரலால் இயக்குகிறவரால் அது முடியாது. மேசையில் வைத்தாலும் சிறிய கட்டங்களில் விரல் தவறிப் பக்கத்து ஆசனம் பதிவாகும். இப்போது கட்டங்கள் பெரிதாகியிருக்கின்றன, பெரிதாக்கவும் சிறிதாக்கவும் பொத்தான்கள் வந்திருக்கின்றன. அவர் பதிவை எவருடைய துணையுமின்றி முடித்தார்.

நான் முடிக்கவில்லை. ஆசனத்தைத் தெரிவு செய்ததும் ஐந்து நிமிட நேரக் கணிப்பு ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகுதான் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்கப்படுகின்றன. காதால் கேட்டுக் கேட்டு நிரப்புகிறவருக்கு அந்த நேரம் போதாது. ஆசனத்தை ஒருவருக்காக நெடுநேரம் பிடித்து வைக்க முடியாது என்ற நிறுவனத்தின் நியாயத்தை நான் ஏற்கிறேன்; அணுகல் வழிகாட்டல்களின் விளக்கவுரையும் நுழைவுச்சீட்டு விற்கும் தளங்களுக்கு அந்த விலக்கை ஒத்துக்கொள்கிறது. ஆனால் பெயர், பணம் செலுத்தும் முறை போன்ற விபரங்களை நேரக் கணிப்புத் தொடங்குவதற்கு முன்பே பெற்றுக்கொள்ளலாம் என்ற வழியையும் அதே விளக்கவுரைதான் காட்டுகிறது. பக்கங்களின் வரிசையை மாற்றினால் போதும்.

அதைத் தாண்டினாலும் வங்கியின் கட்டணப் பக்கம் வருகிறது. அங்கே அட்டை இலக்கப் பெட்டிக்கும் காலாவதித் திகதிப் பெட்டிக்கும் பெயர்க்குறிப்பே இல்லை. பிழை நேர்ந்தால் பெட்டியின் ஓரம் சிவப்பாகிறது என்று பின்னர் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அது வங்கியின் பக்கம், தம் கையில் இல்லை என்று நிறுவனத்தினர் பதில் சொன்னார்கள். வங்கியோடு ஒப்பந்தம் செய்தவர்கள் அவர்கள். பணம் கட்டும் பயணிக்கு அந்தப் பக்கம் யாருடையது என்பதால் எந்த வேறுபாடும் இல்லை. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, இணையத்தையும் பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் தனியார் நிறுவனங்களையும் உள்ளடக்கியே பேசுகிறது. அரசு கவனிக்கும்வரை காத்திராமல், வாடிக்கையாளர் என்ற முறையில் வங்கியிடம் எழுத்தில் கேட்க நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு.

செவிப்புலன் இல்லாத உறவினருக்கு முன்பிருந்த தடை தொலைபேசி அழைப்பு. பதிவு செய்தவரை அழைத்து, அவர் பேசி உறுதி சொன்னால்தான் ஆசனம் நிலைக்கும்; அவரால் அது ஒருபோதும் இயலவில்லை. இப்போது குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பினால் போதும் என்று மாற்றியிருக்கிறார்கள். அவரைப் பொறுத்தவரை முழுத் திருத்தத்திலும் பெரிய நன்மை இதுதான். எனக்கு அதே குறுஞ்செய்தி ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக வருகிறது. தமிழெழுத்தில் அனுப்பினால் ஒரு செய்தியில் 70 எழுத்துக்குறிகளும், ஆங்கில எழுத்தில் அனுப்பினால் 160உம் அடங்கும் என்பதால், செலவு கருதி அப்படிச் செய்கிறார்கள். திரைவாசிப்பானில் அது விளங்குவதேயில்லை. பதிவு இலக்கம், ஆசனம், நேரம், ஏறுமிடம் ஆகிய நான்கையும் மட்டும் தமிழில் எழுதினால் 70க்குள் அடக்கிவிடலாம்.

ஏறுமிடங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளியாக மட்டும் காட்டப்படாமல் எழுத்திலும் விபரிக்கப்பட்டிருப்பது நல்லது. ஆனால் ‘கந்தசுவாமி கோயிலடி’ என்று மட்டும் எழுதினால், கோயில் இருக்கும் பக்கமா, எதிர்ப்பக்கமா என்பது தெரிவதில்லை. வெள்ளைப் பிரம்போடு இரவில் ஏ-9 வீதியைக் கடக்க வேண்டுமா என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பேருந்தின் படிகள் எத்தனை, எவ்வளவு உயரம், சக்கர நாற்காலியை மடித்து எங்கே வைக்கலாம் என்பவற்றையும் சேர்த்தால், செயற்கைக் கால் பொருத்தியவர்கள் முன்கூட்டியே ஆயத்தமாகலாம்.

திரையின் மூலையில் ‘அணுகல் பொத்தான்’ ஒன்றையும் காசு கொடுத்து வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்குவது, நிறத்தை மாற்றுவது போன்றவற்றை எங்கள் கருவிகளே ஏற்கெனவே செய்கின்றன. அந்தப் பொத்தான் என்.வி.டி.ஏ.யின் ஓட்டத்தில் குறுக்கிடுவதால் அதை அகற்றிவிடும்படி கேட்டிருக்கிறேன். என்.வி.டி.ஏ. இலவச மென்பொருள், தளத்தைப் பராமரிக்கும் இளைஞர் அதைத் தன் கணினியில் நிறுவி, திரையை அணைத்துவிட்டு ஓர் ஆசனம் பதிவு செய்து பார்த்தால், நான் எழுதியவற்றில் பாதியை அவரே கண்டுகொள்வார்.

கட்டணப் பக்கம் திருந்தும்வரை, பார்வையில்லாதவர்கள் பணம் செலுத்தும் பகுதியில் ‘பேருந்தில் செலுத்துதல்’ என்ற தெரிவைக் கேட்டுப் பெறலாம். தளத்தில் அது வெளிப்படையாக இல்லை. குறிப்புப் பெட்டியில் தமிழில் எழுதினால் காரியாலயத்தினர் ஆசனத்தை அன்று பிற்பகல்வரை வைத்திருந்து, குறுஞ்செய்தியில் உறுதி செய்கிறார்கள். உதவியாளரோடு பயணம் செய்கிறவர்களும் அதே பெட்டியில் அதைக் குறிப்பிட்டால், இரண்டு ஆசனங்களையும் அருகருகே ஒதுக்கித் தருகிறார்கள்.