விரிவுரையாளர்களுக்கான மாணவர் மையக் கற்பித்தல் செயலமர்வு: ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பு நகரில் தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்று பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கென நடத்திய மாணவர் மையக் கற்பித்தல் செயலமர்வில் அண்மையில் கலந்துகொண்டேன். இரண்டு நாள் நிகழ்ச்சி. கட்டணம் 6,000 ரூபா; மதிய உணவும் தேநீரும் அச்சிட்ட கையேடும் அதற்குள் அடங்கும். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்த இளம் விரிவுரையாளர்களே மண்டபத்தில் அதிகம். இதற்குச் செல்லலாமா என்று நண்பர்கள் பலர் கேட்டபடி இருப்பதால் விரிவாக எழுதுகிறேன். செல்லலாம் என்பதே என் முடிவு. ஆனால் நம் மாணவர்களுக்கு மிக அவசியமான இரண்டு விடயங்களை, அதாவது மொழியையும் பரீட்சையையும், இந்தச் செயலமர்வு மேலோட்டமாகவே தொட்டது. அந்தக் குறை தீராதவரை இங்கே கற்றுக்கொண்டவற்றில் பாதி, வகுப்பறைக் கதவோடு நின்றுவிடும்.

நிறைகளில் முதலாவது, முதல் நாள் காலை அமர்வு. உயர்கல்வித் தகைமைகளின் தரங்களை வகுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 கற்றல் மணித்தியாலங்களைக் குறிக்கும். விரிவுரை வழியே கற்பிக்கப்படும் பாடத்தில் அவற்றுள் 15 மட்டுமே வழக்கமாக மண்டபத்தில் கழிகின்றன. ஆக, மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் நாம் நேரில் நிற்பது 45 மணித்தியாலம். மாணவர் தாமாகக் கற்க வேண்டியது 105 மணித்தியாலம். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிய வளவாளர், "உங்கள் பாடத்திட்டத்தில் அந்த 105 மணித்தியாலத்துக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பிறகு ஒவ்வொருவரும் தமது பாடம் ஒன்றை எடுத்து, வாரம் வாரமாக மாணவர் எதை வாசிப்பார், எதைச் செய்து பார்ப்பார், எதை எழுதிக்கொண்டு வருவார் என்று நிரப்பினோம். மாணவர் மையக் கல்வி என்றதும் மேசைகளை வட்டமாகப் போட்டுக் குழுவாக உட்கார வைப்பதுதான் நினைவுக்கு வருகிறது. மாணவரின் நேரத்தை மதித்துத் திட்டமிடுவதே அதன் வேர் என்பதை இவ்வளவு எளிதாகக் காட்டிய வேறு பயிற்சியை நான் கண்டதில்லை.

அடுத்து வந்த செயன்முறை அமர்வும் அதே தரத்தில் அமைந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வளர்த்தெடுத்த சகபாடிக் கற்பித்தல் முறையை எங்களையே மாணவராக்கிச் செய்து காட்டினார்கள். கேள்வி இதுதான். கடலோரக் கிராமம் ஒன்றில் பத்துக் குடும்பங்கள். ஒன்பது குடும்பங்களுக்கு மாத வருமானம் தலா 40,000 ரூபா. வாழைச்சேனைத் துறைமுகத்தில் சொந்தமாகப் பலநாள் படகு வைத்திருக்கும் பத்தாவது குடும்பத்துக்கு 400,000 ரூபா. அந்தக் கிராமத்துச் சாதாரணக் குடும்பம் ஒன்றின் நிலையைக் காட்ட இடையை, அதாவது சராசரியைச் சொல்வதா, இடையத்தை, அதாவது வருமானங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பெறுமானத்தைச் சொல்வதா? முதலில் யாரோடும் பேசாமல் விடையை எழுதிக் கையை உயர்த்த வேண்டும். சரியான விடை தந்தோர் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், விடையை வெளியிடாமல், பக்கத்தில் இருப்பவருக்குக் காரணத்தை விளக்கச் சொல்ல வேண்டும். பிறகு மீண்டும் கை உயர்த்த வேண்டும். இடை 76,000 ரூபா என்று வருகிறது. அந்த வருமானம் உள்ள குடும்பம் கிராமத்தில் ஒன்றுகூட இல்லை. இடையமோ 40,000 ரூபா. புள்ளிவிபரவியல் படிக்காத மொழித்துறை ஆசிரியர் ஒருவர், பக்கத்திலிருந்த முகாமைத்துவ விரிவுரையாளர் விளக்கியதும் விடையை மாற்றிக்கொண்டு, ஏன் மாற்றினார் என்பதையும் சபைக்குச் சொன்னார். ஆசனங்கள் தரையோடு பொருத்தப்பட்ட மண்டபத்திலும், நூற்றைம்பது பேர் இருக்கும் வகுப்பிலும் இம்முறையை அப்படியே கையாளலாம் என்பது இதன் பெரிய பலம்.

இத்தகைய முறைகளுக்குச் சான்று உண்டா என்ற கேள்விக்கும் வளவாளர்கள் ஆயத்தமாகவே வந்திருந்தார்கள். விஞ்ஞானம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளின் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில் சித்தியடையாதோர் 33.8 சதவீதம், மாணவர் செயற்பட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 சதவீதம். இதைக் காட்டிவிட்டு அதிக நேரம் எடுக்காமல் அடுத்ததற்குச் சென்றது நல்லது.

இனிக் குறைகள். நம் மாணவர்களில் பெரும்பாலானோர் உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் படித்துவிட்டு, விஞ்ஞானம், விவசாயம், மருத்துவம் போன்ற பீடங்களுக்குள் நுழைந்த முதல் வாரமே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கத் தொடங்குகிறார்கள். களுவாஞ்சிக்குடியிலோ பொத்துவிலிலோ பாடசாலையில் துணிந்து கை உயர்த்திய பிள்ளை, விரிவுரை மண்டபத்தில் தலை நிமிர்வதில்லை. கேள்வி கேட்டால் அமைதி. விடை தெரியாத அமைதி வேறு, வசனம் அமையாத அமைதி வேறு. கேள்வி கேட்ட பின் ஆசிரியர் குறைந்தது மூன்று செக்கன் காத்திருக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் சொன்ன நல்ல ஆலோசனை அது. எனினும் தாய்மொழியில் யோசித்து ஆங்கிலத்தில் வசனம் கட்ட வேண்டிய பிள்ளைக்கு மூன்று செக்கன் எப்படிப் போதும்?

ஒலுவிலிலிருந்து வந்த விரிவுரையாளர் ஒருவர் இதை எழுப்பினார். தமது வகுப்பில் தமிழ்மொழி மூலம் வந்தவர்களோடு சிங்களமொழி மூலம் வந்தவர்களும் இருப்பதாகவும், சோடியாகப் பேசும்போது எந்த மொழியிலும் பேசலாம், முடிவை மட்டும் ஒரே ஒரு ஆங்கில வசனமாக எழுதித் தர வேண்டும் என்று விதி வைத்திருப்பதாகவும் சொன்னார். அந்த ஒரு வசனத்தை எழுத நான்கு நிமிடம் கொடுக்கிறாராம். செயலமர்வு முழுவதிலும் நான் கேட்ட ஆகப் பயனுள்ள யோசனை இதுதான். அதுவும் பங்குபற்றியவர் ஒருவரிடமிருந்தே வந்தது. வளவாளர்கள் அதைப் பாராட்டினார்கள், ஆனால் நேரமில்லை என்று அடுத்த தலைப்புக்குத் தாவினார்கள். கிழக்கில் நடக்கும் செயலமர்வுக்கு இது இடைச்செருகலாக வந்துபோகும் விடயமன்று. முழுமையான ஓர் அமர்வே இதற்குத் தேவை. போதாக்குறைக்கு, பேச்செல்லாம் தமிழில் இருந்தும் கையேடு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது.

பரீட்சை பற்றிய அமர்வு இரண்டாம் நாளின் கடைசி மணித்தியாலத்தில் வைக்கப்பட்டிருந்தது. கற்றல் பேறு (பாட முடிவில் மாணவரால் எதைச் செய்ய முடிய வேண்டும் என்பது), கற்பித்தல், மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று 1996இல் கல்வி உளவியலாளர் ஜோன் பிக்ஸ் எழுதிய கருத்தைச் சொல்லி முடித்துவிட்டார்கள். அதை நடைமுறைப்படுத்துவதில்தான் நமக்குத் துணை வேண்டும். கற்றல் பேற்றில் "பகுப்பாய்வு செய்வர்" என்று எழுதிவிட்டு, வினாத்தாளில் "வரைவிலக்கணம் தருக", "ஐந்து பண்புகளைப் பட்டியலிடுக" என்று கேட்டால், மாணவர் கடந்த கால வினாத்தாளைத்தான் நம்புவார். அவர் நம்புவதும் நியாயமே. புள்ளி அங்கேதான் இருக்கிறது. வகுப்பில் எவ்வளவு கலந்துரையாடினாலும், பரீட்சைக்கு முந்திய வாரம் மூத்த மாணவரின் குறிப்பு பிரதியெடுக்கும் கடையில் வரிசையாகப் பிரதியாவதை நாம் எல்லோரும் காண்கிறோம். வினாத்தாள் மாறாமல் அது மாறாது. ஒவ்வொருவரும் தமது பழைய வினாத்தாளில் இரண்டு வினாக்களையாவது திருத்தி எழுதி, அடுத்தவரிடம் கொடுத்து விமர்சனம் பெறும்படி அரை நாளை ஒதுக்கியிருக்க வேண்டும்.

மண்டபம் வசதியானது, உணவு நன்றாயிருந்தது, நேரம் தவறவில்லை. வளவாளர்கள் இருவரும் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொன்னார்கள். தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார்கள். சக விரிவுரையாளர் ஒருவர் நம் வகுப்பில் வந்திருந்து அவதானித்து நிரப்புவதற்கான ஒற்றைப் பக்கப் படிவம் ஒன்றையும் தந்தார்கள். அது உண்மையிலேயே நல்ல படிவம்: ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசினார், மாணவர் எவ்வளவு நேரம் பேசினர், பின்வரிசையிலிருந்து யாராவது பேசினாரா என்பவை மட்டுமே அதில் உள்ளன. ஆனால் அதை நிரப்பியபின் யாரிடம் கொடுப்பது, யார் பார்த்துக் கருத்துச் சொல்வது என்பதற்கு ஒழுங்கு எதுவும் இல்லை. பயிற்சி பெற்றவர்களை ஒரு தவணை கழித்து அரை நாளுக்காவது மீண்டும் அழைத்தால், இதே கட்டணம் இன்னும் கூடப் பெறுமதியாகும். இதை ஏற்பாட்டாளர்களிடம் எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்.

புதிதாகப் பணியில் சேர்ந்து பெரிய வகுப்புகளை எடுப்பவர்களுக்கு இதை முழுமனதோடு பரிந்துரைக்கிறேன். பல்கலைக்கழகப் பணியாளர் அபிவிருத்தி நிலையத்தில் சான்றிதழ்ப் பாடநெறியை முடித்தவர்களுக்கு முதல் நாள் மட்டும் போதும். இரண்டாம் நாளின் பெரும்பகுதி தெரிந்ததாகவே இருக்கும். செல்பவர்கள் தமது பாடத்திட்டத்தையும் கடந்த ஆண்டு வினாத்தாளையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். தேநீர் இடைவேளையில் வளவாளரிடம் நேரில் காட்டினால் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறார்கள். மதிப்பீட்டு அமர்வை முதல் நாளுக்கு மாற்றும்படி பதிவுசெய்யும்போதே கேளுங்கள். நாலைந்து பேர் கேட்டால் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.